கேட்பவர் அறிந்த அளவு



தமிழ்நாட்டின் எல்லையைக் கடந்து பிற மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழர்கள் ஒவ்வொருவரும் இரண்டு அளவுகோல்களைக் கையில் வைத்துக்கொண்டு வாழ்பவர்கள். ஒன்று வீட்டில் பெற்றோர் கற்பித்தது. மற்றொன்று குடியேறிய ஊர் கற்பித்தது. வீட்டில் ஒரு மொழி, கடைத்தெருவில் ஒரு மொழி, பள்ளிக்கூடத்தில் வேறொரு மொழி என்று வாழப் பழகியவர்களுக்கு இது புதிய செய்தி அன்று. ஆனால் மொழிக்குப் பொருந்தும் இந்த உண்மை, நாம் அன்றாடம் கையாளும் சிறு சிறு அளவுகளுக்கும் பொருந்தும் என்பதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. உடம்பின் காய்ச்சலை அளக்கும் வெப்பமானி, உற்றார் உறவினருக்குச் செய்தி அனுப்பும் கைப்பேசி, ஆகாய விமானத்தில் முன்னிருக்கையின் முதுகில் பதித்திருக்கும் சிறு திரை ஆகிய மூன்றையும் பற்றி மக்கள் பேசிக்கொள்ளும் கருத்துகளைத் துணையாகக் கொண்டு, இன்று சில எண்ணங்களை உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

இக்கருத்துகளைக் கேட்பதற்கு ஏற்ற இடம் கோலார் தங்கவயலைச் சேர்ந்த ஆண்டர்சன்பேட்டை. 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்னும் ஆங்கிலேயக் கம்பெனி இங்கே தங்கச் சுரங்க வேலையில் இறங்கியது. அதன் பின்னர் வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் பெருந்திரளாக வந்து இந்த வறண்ட மேட்டு நிலத்தில் குடியேறின. 1956ஆம் ஆண்டில் மைசூர் அரசாங்கமும், 1962ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கமும் சுரங்கங்களை ஏற்று நடத்தின. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் அவை மூடப்பட்டன. அதன் பிறகு வேலை தேடி மக்கள் பெங்களூரை நோக்கினர். மாரிக்குப்பம் நிலையத்திலிருந்து விடியற்காலையில் புறப்படும் ரயிலில் ஏறி, இரவில் வீடு திரும்புவோர் இன்றும் பலர். வேறு சிலர் ஐதராபாத்திலும் மும்பையிலும், இன்னும் சிலர் கடல் கடந்த நாடுகளிலும் வேலை பார்க்கின்றனர். ஆகவே இவ்வூர் வந்தேறியவர்களின் ஊராகத் தொடங்கி, வெளியேறுவோரின் ஊராகவும் ஆகிவிட்டது.

இவ்வூரில் ஒரு குடும்பத்தின் ஒருநாள் வாழ்க்கையில் எத்தனை அளவுகள் வந்து போகின்றன என்று பாருங்கள். காலையில் பால் லிட்டர் கணக்கில் வருகிறது. காய்கறி கிலோவில் வருகிறது. மகளின் திருமணத்துக்கு நகை செய்ய எண்ணினால், அது பவுன் கணக்கு. வீடு கட்ட இடம் பார்த்தால், கன்னட நாட்டு வழக்கப்படி அது ‘முப்பதுக்கு நாற்பது சைட்’. அந்த முப்பதும் நாற்பதும் அடிக்கணக்கு. பெங்களூருக்கு எவ்வளவு தொலைவு என்றால் நூறு கிலோமீட்டர் என்பார்கள். வானொலியில் கேட்ட வெயில் முப்பத்தாறு பாகை, அது செல்சியஸ். குழந்தைக்கு ஜுரம் நூற்றிரண்டு பாகை; அது பாரன்ஹீட். ஓய்வு பெற்ற சுரங்கத் தொழிலாளியிடம் அவர் எவ்வளவு ஆழத்தில் வேலை செய்தார் என்று கேட்டால், அடியும் வராது, மீட்டரும் வராது. ‘எண்பதாம் லெவல்’ என்று விடை வரும். அதைக் கேட்கும் மற்றொரு தொழிலாளிக்கு அந்த ஒரு சொல்லே போதும். அங்குள்ள இருளும் வெக்கையும் அவர் கண்முன் வந்து நிற்கும்.

இத்தனை அளவுகளும் கலந்து கிடப்பது குழப்பம் அன்றோ என்று சிலர் கேட்கலாம். உண்மையில் யாரும் குழம்புவதில்லை. ஒவ்வோர் அளவும் தனக்குரிய இடத்தில் அமைதியாக அமர்ந்திருக்கிறது. குழப்பம் தொடங்குவது, ஓர் எண் தனக்குரிய இடத்தை விட்டு வேறோர் இடத்துக்குச் செல்லும்போதுதான்.

முதலில் வெப்பமானியை எடுத்துக்கொள்வோம். பாரன்ஹீட் நல்லதா, செல்சியஸ் நல்லதா என்று தேநீர்க் கடைப் பலகையில் ஒரு பேச்சு எழுந்தால், அது எளிதில் முடியாது. வயதில் மூத்தவர்கள் பாரன்ஹீட்டின் பக்கம் நிற்பார்கள். நூறு பாகையைத் தாண்டினால் ஜுரம் என்பதைப் பச்சைக் குழந்தையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் வாதம். செல்சியஸில் ஒரு பாகை ஏறினால் பாரன்ஹீட்டில் ஏறத்தாழ இரண்டு பாகை ஏறும். ஆகவே புள்ளியும் பின்னமும் இல்லாமலே நுட்பமாகச் சொல்லலாம் என்பார்கள். இளைஞர்களோ செல்சியஸையே போற்றுவார்கள். தண்ணீர் உறைவது பூஜ்யம், கொதிப்பது நூறு. இதைவிடத் தெளிவு வேறு என்ன வேண்டும், உலகில் பெரும்பாலான நாடுகள் ஏற்றுக்கொண்டதும் இதுதானே என்று அவர்கள் கேட்பார்கள்.

இருசாராரும் கூறும் காரணங்கள் உண்மையானவையே. ஆனால் அக்காரணங்களைச் சீர்தூக்கிப் பார்த்த பிறகு எவரும் தம் அளவைத் தேர்ந்துகொண்டதில்லை. எந்த அளவில் வளர்ந்தோமோ அதையே விரும்புகிறோம். காரணங்களைப் பின்னர்த் தேடிக்கொள்கிறோம். தாய் சமைத்த குழம்பின் புளிப்பே சரியான புளிப்பு என்று நாக்கு நினைப்பதைப் போன்றது இது.

இவ்விரண்டு அளவுகளும் பிறந்த கதையைப் பார்த்தாலும் இது விளங்கும். டான்சிக் நகரில் 1686ஆம் ஆண்டில் பிறந்த டேனியல் காப்ரியல் பாரன்ஹீட், பாதரசத்தைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து நம்பத்தகுந்த வெப்பமானிகளைச் செய்தார். 1724ஆம் ஆண்டில் தம் அளவுமுறையை வெளியிட்டார். பனிக்கட்டியும் நீரும் ஒருவகை உப்பும் கலந்த கலவையின் குளிர்ச்சியைப் பூஜ்யம் என்றார். தண்ணீர் உறையும் நிலை 32 ஆயிற்று. மனித உடம்பின் வெப்பத்தை அவர் 96 என்று கொண்டார். பிற்காலத்தில் அளவு திருத்தம் பெற்றபோது அந்த 96 நிலைக்கவில்லை. நம் வீடுகளில் இருந்த பழைய கண்ணாடி வெப்பமானிகளில் 98.4 என்ற இடத்தில் ஒரு சிவப்பு அம்புக்குறி இருந்தது பலருக்கு நினைவிருக்கலாம்.

மற்றோர் அளவைத் தந்தவர் சுவீடன் நாட்டு வானியல் அறிஞர் ஆண்டர்ஸ் செல்சியஸ். 1742ஆம் ஆண்டில் அவர் வகுத்த முறையில் தண்ணீர் கொதிப்பது பூஜ்யம், உறைவது நூறு! இன்று நாம் கொள்வதற்கு நேர்மாறானது. அவர் 1744இல் காலமான பின்னரே அது தலைகீழாகத் திருப்பப்பட்டு இப்போதைய வடிவம் பெற்றது. நெடுங்காலம் சென்டிகிரேடு என்று வழங்கிய அந்த அளவுக்கு, 1948ஆம் ஆண்டில் கூடிய உலக அளவியல் மாநாடு செல்சியஸ் என்று அவர் பெயரையே சூட்டியது. இயற்கையே எழுதித் தந்தது போலத் தோன்றும் பூஜ்யமும் நூறுமே ஒருகாலத்தில் இடம் மாறி இருந்தன என்றால், அளவுகள் மனிதர் தமக்குள் செய்துகொண்ட உடன்படிக்கைகள் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

உடன்படிக்கை என்றால் இருவர் வேண்டும். அங்கேதான் நம் பேச்சின் மையம் இருக்கிறது. ஐதராபாத்தில் வேலை பார்க்கும் ஒரு மகள், நள்ளிரவில் தன் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டு, ஆண்டர்சன்பேட்டையில் இருக்கும் தாய்க்குக் கைப்பேசியில் செய்தி அனுப்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். ‘39.5 இருக்கிறது, அம்மா, என்ன செய்யட்டும்?’ என்று கேட்கிறாள். பிள்ளைகள் பலரை வளர்த்த அந்த அம்மையாருக்குக் காய்ச்சலைப் பற்றித் தெரியாதது இல்லை. நூறு என்றால் கஷாயம், நூற்றிரண்டு என்றால் ஈரத்துணி, நூற்று மூன்றைத் தொட்டால் பொழுது விடியக் காத்திராமல் மருத்துவமனை என்று அவர் தம் அனுபவத்தில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார். ஆனால் 39.5 என்ற எண் அந்தக் கணக்கின் எந்தப் பக்கத்திலும் இல்லை. உயர்ந்ததா தாழ்ந்ததா என்பதுகூட அவருக்குப் புலப்படுவதில்லை. உண்மையில் அது 103.1 பாகை பாரன்ஹீட். அந்த எண்ணைக் கேட்டிருந்தால், அவர் அப்போதே மருத்துவமனைக்குப் போகச் சொல்லியிருப்பார்.

மகள் சொன்னது பொய்யா? இல்லை. தாய் அறியாதவரா? அதுவும் இல்லை. எண் மட்டும் போய்ச் சேர்ந்தது; அதன் பொருள் போய்ச் சேரவில்லை. இக்காலத்து மின்வெப்பமானிகளில் சிலவற்றில், ஒரு சிறு பொத்தானை அழுத்தினால் அளவு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறிவிடும். கை தவறி அழுத்திவிட்டால், நேற்று 99 காட்டிய கருவி இன்று 37 காட்டும். வயதான பெற்றோர் தனியே இருக்கும் வீடுகளில் இது சிறிய செய்தி அன்று.

இங்கே ஒரு சிறு கணக்கைச் சொல்லிவிடுகிறேன். தாளும் எழுதுகோலும் வேண்டியதில்லை. செல்சியஸ் எண்ணை இரட்டியுங்கள், வந்ததில் பத்தில் ஒரு பங்கைக் கழியுங்கள், முப்பத்திரண்டைக் கூட்டுங்கள். பாரன்ஹீட் கிடைத்துவிடும். நாற்பதை இரட்டித்தால் எண்பது. எட்டைக் கழித்தால் எழுபத்திரண்டு. முப்பத்திரண்டைக் கூட்டினால் நூற்று நான்கு. இது தோராயக் கணக்கு அன்று. முற்றிலும் சரியான கணக்கு. 37 என்பது 98.6 என்றும், 38 என்பது 100.4 என்றும் இதே வழியில் கண்டுகொள்ளலாம்.

அலகு தெரிந்துவிட்டால் போதுமா? போதாது. எதை அளந்தார்கள் என்பதும் தெரிய வேண்டும். இதைத் தங்கவயலைப் போல நமக்குக் கற்பிக்கக்கூடிய இடம் வேறு இல்லை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் ஏறத்தாழ 3,200 மீட்டர், அதாவது 10,500 அடி ஆழம் வரை சென்றது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாக அது விளங்கியது. அவ்வளவு ஆழத்தில் பாறையின் வெப்பம் ஏறத்தாழ 65 பாகை செல்சியஸ். பாரன்ஹீட்டில் 150 பாகை அளவு. அப்பாறையின்மீது கையை வைத்திருக்க இயலாது. மேலிருந்து செலுத்தப்படும் காற்றும் கீழே இறங்க இறங்க அழுத்தம் மிகுந்து தானே சூடேறும். மிதிவண்டிச் சக்கரத்துக்குக் காற்றடிக்கும்போது பம்பு சுடுவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா, அதைப் போன்றது இது.

பாறையைத் துளையிடும்போது எழும் நுண்ணிய தூசி நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் என்னும் கொடிய நோயை உண்டாக்கும். தூசியை அடக்க நீரைப் பாய்ச்சியே துளையிட வேண்டும். நீர் பாய்ந்தால் காற்றில் ஈரம் மிகும். ஈரம் மிகுந்த காற்றில் வியர்வை உலராது. வியர்வை உலர்வதுதான் உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் வழி. ஆக, நுரையீரலைக் காக்கச் செய்த ஏற்பாடே உடம்பின் வெம்மையை மிகுவித்தது. இவ்விரண்டுக்கும் நடுவில் நின்று உழைத்தவர்கள் நம்மவர்கள்.

ஆகவே சுரங்கத்தில் சாதாரண வெப்பமானி காட்டும் எண் மட்டும் உண்மையைச் சொல்லாது. அதன் குமிழின்மீது நனைந்த துணியைச் சுற்றி, காற்றுப்படச் செய்து அளக்க வேண்டும். துணியிலுள்ள நீர் ஆவியாகிற அளவுக்கு எண் இறங்கும். உலர்ந்த காற்றில் அது வெகுவாக இறங்கும். ஈரம் நிறைந்த காற்றில் இறங்கவே இறங்காது. இதனை ஈரக்குமிழ் வெப்பநிலை என்பார்கள். வியர்த்த உடம்பு படும் பாட்டை, வியர்த்த வெப்பமானியே அறியும். நம் நாட்டுச் சுரங்க விதிகள் வேலையிடத்துக்கு வரம்பு கட்டியிருப்பதும் இந்த ஈரக்குமிழ் அளவில்தான். அவ்வரம்பு ஏறத்தாழ 33 பாகை செல்சியஸ். ஈரக்குமிழ் அளவே 35 பாகையை எட்டி, அந்நிலையில் மணிக்கணக்கில் நீடித்தால், நிழலில் வாளாவிருக்கும் ஆரோக்கியமான மனிதரின் உடம்பும் தாங்காது என்று உடலியல் அறிஞர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

வெளிமாநிலங்களில் வெயிலில் உழைக்கும் தமிழர்கள் இதை நினைவில் கொள்வது நல்லது. ஜெய்ப்பூரின் 38 பாகையும் மும்பையின் 38 பாகையும் எண்ணில் ஒன்றே; உடம்புக்கு ஒன்றல்ல. உலர்ந்த காற்றுள்ள ஊரில் வியர்வை உலர்ந்து உடம்பைக் காக்கும். கடற்கரை ஊரில் அதே எண், அதைவிடப் பெரிய இடரை உண்டாக்கும். ‘எங்கள் ஊரில் இதைவிட அதிக வெயில் அடிக்கும், இது ஒன்றும் செய்யாது’ என்று பெருமையாகப் பேசிக்கொண்டு புதிய ஊரில் நண்பகல் வேலையில் இறங்குவது அறிவுடைமை ஆகாது.

ஓர் அளவை விட்டு மற்றோர் அளவுக்கு ஒரு நாடே மாறுவது எளிதா? நம் நாடு அதைச் செய்து காட்டியிருக்கிறது. முன்னாளில் சேர் என்ற ஒரே பெயர் சென்னையில் 24 தோலாவையும் வங்காளத்தில் 80 தோலாவையும் குறித்தது. ஒன்று 280 கிராம். மற்றொன்று 933 கிராம். பெயர் ஒன்று, பொருள் வேறு என்பதால் வெளியூர் சென்ற ஏழைக்கே இதில் இழப்பு மிகுதி. 1956ஆம் ஆண்டில் நிறை, அளவைகளின் தரத்தை நிலைநாட்டும் சட்டம் இயற்றப்பட்டது. 1957ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் புதிய காசுகள் வழக்குக்கு வந்தன. 1958ஆம் ஆண்டு அக்டோபர் முதல் கிலோகிராம் படிப்படியாகக் கடைகளுக்கு வந்தது.

அந்த மாற்றத்தில் கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. புதிய காசுக்கு ‘நயா பைசா’ என்று பெயரிட்டார்கள். பழைய பைசாவிலிருந்து வேறுபடுத்தும் பொருட்டு ‘நயா’ என்னும் சொல்லைச் சேர்த்தார்கள். அத்துடன் அக்காசின்மீதே, இது ரூபாயில் நூற்றில் ஒரு பங்கு என்று இந்தியில் பொறித்தார்கள். அதாவது, புதிய அளவு தன்னைப் பழைய அளவின் மொழியில் அறிமுகம் செய்துகொண்டது. ஓர் அணாவுக்கு எத்தனை புதிய பைசா என்று காட்டும் அட்டவணைகள் மக்கள் கைக்கு வந்தன. மக்கள் பழகிய பின்னர், 1964ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ‘நயா’ என்னும் அடைமொழி நீக்கப்பட்டது. வேலை முடிந்ததும் சாரத்தைக் கழற்றுவது போன்ற செயல் இது. மாற்றத்தை விரும்புவோர் ஒவ்வொருவரும் இம்முறையைப் பின்பற்றலாம்.

இனிச் செய்தி அனுப்பும் கருவிகளுக்கு வருவோம். நம் நாட்டில் நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவந்த தந்திச் சேவை 2013ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் முடிவுற்றது. தந்தி என்றாலே வீட்டில் அழுகுரல் எழுந்த காலம் ஒன்று இருந்தது. அதே தந்தியில் மகிழ்ச்சியான செய்திகளுக்கு ஓர் அழகிய ஏற்பாடும் இருந்தது. திருமணம், பண்டிகை முதலியவற்றுக்குரிய வாழ்த்துகளை அச்சிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்திருந்தார்கள். அனுப்புகிறவர் எண்ணைக் குறிப்பிட்டால் போதும். கம்பி வழியாக எண் செல்லும். சேருமிடத்தில் அது வாழ்த்தாக மலரும். வெறும் எண் வாழ்த்தாக மாறியது எவ்வாறு? இரு முனைகளிலும் ஒரே பட்டியல் இருந்தமையால்.

இன்று நம் கையில் வாட்ஸ்அப் முதலிய செயலிகள் இருக்கின்றன. கட்டணத்துக்கு அஞ்சிச் சொற்களை எண்ணிய காலம் போய், சொற்கள் வெள்ளமாகப் பெருகும் காலம் வந்துவிட்டது. ஆனால் இரு முனைகளிலும் ஒரே பட்டியல் இருக்கிறதா என்பதுதான் ஐயம். மகன் செய்தியைப் படித்துவிட்டான் என்று இரண்டு நீலக் குறிகள் காட்டுகின்றன, விடை வரவில்லை. படித்ததே விடைக்குச் சமம் என்று மகன் எண்ணுகிறான். படித்தும் பேசவில்லையே என்று தந்தை மனம் வருந்துகிறார். பெரியவர் ஒருவர் கட்டைவிரலை உயர்த்திய படம் ஒன்றை அனுப்பி, ‘நல்லது, மகிழ்ச்சி’ என்று கருதுகிறார். அதைப் பெற்ற பேத்தி, தாத்தா பேச்சை முடித்துக்கொண்டார் என்று கருதுகிறாள். கூப்பிய கைகளின் படம் ஒருவருக்கு வணக்கம், மற்றொருவருக்கு நன்றி, வேறொருவருக்கு வேண்டுதல். குறி ஒன்று, அளவுகோல்கள் பல.

தங்கவயல் போன்ற ஊர்களில் இதைவிட ஆழ்ந்த இடர் ஒன்றும் உண்டு. வீட்டில் வாய் நிறையத் தமிழ் பேசும் பிள்ளைகளில் பலர் கன்னட வழியிலோ ஆங்கில வழியிலோ படித்தவர்கள். தமிழ் எழுத்தை விரைந்து படிக்க அறியாதவர்கள். முதியோர் சிலரோ தமிழ் எழுத்தை அன்றி வேறொன்றும் அறியாதவர்கள். ஆகவே பேரன் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுகிறான். பாட்டி அதைப் படிக்க அடுத்த வீட்டுப் பெண்ணைத் தேடுகிறார். பாட்டி தமிழில் எழுதினால், பேரன் தன் தாயைத் தேடுகிறான். இவ்விருவருக்கும் நடுவே பாலமாக வந்திருப்பது குரற்செய்தி. எழுத்தின் தடையைக் குரல் கடந்துவிடுகிறது. குரற்செய்தி நேரத்தை வீணாக்குகிறது என்று அலுவலகத்தில் இருப்போர் குறை கூறுவர். அவர்கள் நோக்கில் அது சரியே. ஆனால் எழுத்தால் பிரிந்த ஒரு குடும்பத்துக்கு அதுவே உறவின் கயிறு. எனினும் குரல் ஒன்றே போதும் என்று இருந்துவிடலாகாது. இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளையும் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. உயிரும் மெய்யும் சில துணைக்குறிகளும் தெரிந்தால் மற்றவை தாமே வந்துவிடும். பாட்டி குரலில் சொல்ல, பேரன் தமிழில் ஒரு வரி எழுதி விடை அனுப்பப் பழகினால், இருவருக்கும் பொதுவான பட்டியல் ஒன்று மெல்ல உருவாகும்.

மூன்றாவதாக ஆகாய விமானத் திரை. தேவனஹள்ளி விமான நிலையம் 2008ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பின்னர், தங்கவயல் குடும்பங்களுக்கும் விமானப் பயணம் அருமையான ஒன்றாக இல்லை. இருக்கைத் திரை இனி வேண்டுவதில்லை என்பது இளைஞர் பலரின் கருத்து. அவரவர் கைப்பேசியில் அவரவர் விரும்பிய படம் இருக்கும்போது, எடையும் செலவும் கூட்டும் திரை எதற்கு என்பார்கள். உள்நாட்டு விமானங்களில் பெரும்பாலானவற்றில் திரை இல்லாமல் இருப்பதற்கும் இவையே காரணங்கள். ஆனால் மகனையோ மகளையோ பார்க்க நெடுந்தொலைவு செல்லும் முதியவர்களைக் கேட்டுப் பாருங்கள். திரைப்படங்களை விட்டுவிட்டு, விமானம் எங்கே போகிறது என்று காட்டும் வரைபடத்தையே வழிநெடுகப் பார்த்துக்கொண்டு வந்ததாகப் பலர் சொல்வார்கள்.

அத்திரையில் ஒரு நற்பண்பு இருக்கிறது. உயரம் 35,000 அடி என்று காட்டும். சற்றுப் பொறுத்து 10,668 மீட்டர் என்று காட்டும். வெளியே வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 54 பாகை செல்சியஸ் என்று காட்டும். உடனே பாரன்ஹீட்டில் பூஜ்யத்துக்குக் கீழே 65 என்று காட்டும். எதிரில் அமர்ந்திருப்பவர் யார், எந்த அளவில் வளர்ந்தவர் என்று அத்திரைக்குத் தெரியாது. ஆகவே இரண்டையும் சொல்லிவைக்கிறது. எந்திரம் காட்டும் இந்த மரியாதையை மனிதராகிய நாம் மறந்துவிடுகிறோம்.

சுரங்கத்தில் உழைத்த ஒருவருக்கு அந்த எண்கள் வேறொரு பொருளையும் தரும். மூன்று சாம்பியன் ரீஃப்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினாலும் எட்டாத உயரத்தில் அவர் அமர்ந்திருக்கிறார். ஊரின் அடியில் மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் பாறை 65 பாகை. தலைக்குமேல் பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் காற்று உறைநிலைக்குக் கீழே 54 பாகை. ஏறத்தாழ 120 பாகை வேறுபாடுடைய இவ்விரண்டு எல்லைகளுக்கும் நடுவே உள்ள மெல்லிய ஏடு ஒன்றில்தான் மனித வாழ்வு நடக்கிறது. அந்த ஏட்டிலும் நம் உடம்பு நான்கைந்து பாகை ஏறினாலே உயிருக்கு ஊசலாட்டம்.

அலகை மறந்தால் என்ன நேரும் என்பதற்கு விமான வரலாறே ஓர் எடுத்துக்காட்டைத் தருகிறது. 1983ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள், கானடா நாட்டில் ஒரு பெரிய போயிங் விமானம் 41,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தபோது எரிபொருள் தீர்ந்து, இரண்டு இயந்திரங்களும் நின்றுபோயின. தேவைப்பட்டது 22,300 கிலோகிராம் எரிபொருள். அந்நாடு மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. நிரப்பியவர்கள் கிலோகிராமுக்கு உரிய எண்ணுக்குப் பதிலாகப் பவுண்டுக்கு உரிய எண்ணை வைத்துக் கணக்கிட்டதால், பாதிக்கும் குறைவான எரிபொருளே சென்றது. கணக்கைச் சரிபார்த்தவர்களும் அதே எண்ணைக் கொண்டே சரிபார்த்தார்கள். விமானி இயந்திரமில்லாத அவ்விமானத்தைப் பருந்து போல மிதக்கவிட்டு, கிம்லி என்னும் ஊரிலிருந்த பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கினார். அதிலிருந்த 69 பேரும் உயிர் தப்பினர். எண்ணில் பிழை இல்லை. எண்ணுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய சொல்லில் பிழை.

நேயர்களே, இதுவரை கூறியவற்றிலிருந்து அன்றாட வாழ்வுக்கு மூன்று வழக்கங்களை எடுத்துக்கொள்ளலாம். முதலாவது, எந்த எண்ணைச் சொன்னாலும் எழுதினாலும் அதன் அலகையும் சேர்த்தே சொல்வது. ‘39.5 செல்சியஸ்’ என்று ஒரு சொல் கூடுதலாக எழுத நொடிப்பொழுதும் ஆகாது. வீட்டிலுள்ள வெப்பமானியில் எந்த அளவு அமைந்திருக்கிறது என்பதை ஒரு சிறு தாளில் தமிழில் எழுதி அதன் உறையில் ஒட்டிவைத்தால் இன்னும் நன்று. இரண்டாவது, நம் அளவில் சொன்னதோடு நில்லாமல், கேட்பவருடைய அளவிலும் சொல்வது. முதியவரிடம் நூற்று மூன்று என்றும், மருத்துவமனையில் இருக்கும் இளைஞரிடம் 39.5 என்றும் சொல்வதால் நம் கொள்கை ஒன்றும் குறைந்துவிடாது. மூன்றாவது, கேட்பவரின் அளவை இகழாமலிருப்பது. பாரன்ஹீட்டில் பேசுகிறவர் பழமைவாதியும் அல்லர். செல்சியஸில் பேசுகிறவர் மரபை மறந்தவரும் அல்லர். அவரவர் தத்தம் உடன்படிக்கையோடு வந்திருக்கிறார்கள்.

பிற மாநிலத்தில் வாழும் நமக்கு இது இயல்பாகவே கைவர வேண்டிய பண்பு. கன்னடத்திலோ தெலுங்கிலோ மராத்தியிலோ கடைக்காரரிடம் பேசி, வீட்டுக்கு வந்து தமிழில் குழந்தையைக் கொஞ்சுகிறோம். நாள்தோறும் ஓர் அளவிலிருந்து மற்றோர் அளவுக்கு மாற்றிப் பேசுவதே நம் வாழ்க்கை. அவ்வாறு மாற்றிப் பேசத் தெரிந்தவர்கள் வீட்டுக்குள் தாயிடமும் பேரனிடமும் அதே அக்கறையைக் காட்டினால் போதும். சொல்லுவோர் அறிந்த அளவு பாதிச் செய்தியே. கேட்பவர் அறிந்த அளவில் போய்ச் சேர்ந்தால்தான் அது முழுச் செய்தி ஆகும்.